போன்காரனைத் திட்டாதே, பேராண்டி

பேராண்டி, விடிஞ்சும் விடியாம அந்தப் போனைத் திட்டிக்கிட்டு உக்காந்திருக்காதே. நேத்து ராத்திரி ஒரு மழைக்கோட்டு விலை பார்த்தியாம். இன்னிக்கு எந்தப் பக்கம் தள்ளினாலும் மழைக்கோட்டாவே வருதாம். வந்தா என்னடா? ஜூன் மாசம் கூடலூர்ல மழைக்கோட்டு வேணாம்னு சொல்றவன் எவன்? கலிபோர்னியாவுல இருக்கிற அவ்வளவு பெரிய கம்பெனி, நடுகாணியில மழை பெஞ்சா நீ நனைஞ்சுடுவியேன்னு கவலைப்படுது. உங்கப்பன் என்னிக்காவது பட்டிருப்பானா?

மைக்கைத் திறந்து வெச்சு ஒட்டுக் கேக்குறான்னு டீக்கடையில ஒரு பேச்சு ஓடுது. அந்தப் பழியையும் அவன் மேல போடாதே. ஒட்டுக் கேக்குறவன் கதவுக்குப் பின்னாடி கால் கடுக்க நிக்கணும். இவனுக்கு அந்தக் கஷ்டம் எதுக்கு? எதைத் தேடினே, எதுல எத்தனை நிமிஷம் நின்னே, எந்த ஊர்ல இருந்தே, ராத்திரி எத்தனை மணிக்குப் போனைக் கீழே வெச்சே, எல்லாத்தையும் நீயே குடுத்துட்டுத்தான் தூங்கப் போறே. மிச்சத்துக்குக் கடைக்காரன் இருக்கான். நீ மழைக்கோட்டு பார்த்த அந்தக் கடையோட பக்கத்துல பேஸ்புக் கம்பெனியோட குட்டி புரோகிராம் ஒண்ணு குந்தியிருக்கும். பிக்சல்னு பேரு. கண்ணுக்குத் தெரியாது. நீ வந்தது, பார்த்தது, விலையைக் கண்டு பயந்து ஓடினது எல்லாம் அது வழியா அங்க போயிடும். அதைக் கூப்பிட்டு உக்கார வெச்சவன் கடைக்காரன்தான்.

என் போன்ல பாரு. ஒரே ஒரு நாள் மூட்டுவலிக்குத் தைலம் தேடினேன். அன்னிலேருந்து அது என்னைக் கிழவன்னு முடிவு கட்டிடுச்சு. நானே இன்னும் ஒத்துக்கல. காது மெஷினு, ஊன்றுகோலு, உக்காந்தபடியே காசிக்குப் போய்வர டூரு. இதுல வயநாட்டு நகைக்கடைக்காரன் ஒருத்தன் மலையாளத்துல கல்யாண நகைக்கு வேற கூப்பிடுறான். சேரம்பாடி தாண்டினா டவர் எந்த மாநிலத்துதுன்னு போனுக்கே சந்தேகம். ஒரு பக்கம் கிழவன்ங்குறான், இன்னொரு பக்கம் மாப்பிள்ளைங்குறான். இதுக்குப் பேருதான் "உங்களுக்குப் பொருத்தமான விளம்பரங்கள்". உங்க பாட்டி பார்த்துட்டு ரெண்டு நாள் சிரிச்சா.

சரி, ஊர்க்காரன் சங்கதி உனக்கு எதுக்குடான்னு பேஸ்புக் கம்பெனியைக் கேட்டா என்ன சொல்லும்? முதல் பதில், எல்லாம் ஓசிதானேங்குறது. 2018 ஏப்ரல்ல அமெரிக்க செனட்ல ஓரின் ஹேட்ச்னு 84 வயசுப் பெரியவர், காசே வாங்காம எப்படிப்பா கடை நடத்துறேன்னு பேஸ்புக் முதலாளி மார்க் ஜக்கர்பெர்க்கைக் கேட்டாரு. விளம்பரம் ஓட்டுறோம்னு பையன் ஒரு வரியில முடிச்சான். முகத்துல லேசா சிரிப்பு வேற. பேஸ்புக் கம்பெனிக்கு இப்போ மெட்டான்னு பேரு. அதுக்கு 2024-ல விளம்பரத்துல மட்டும் 16,000 கோடி டாலருக்கு மேல வந்திருக்கு. மொத்த வருமானத்துல நூத்துக்கு 97 பங்கு அதுதான். ஓசியில இவ்வளவு வரும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓசி டீக்கடை போட்டு உக்காந்திருப்பேன்.

ஆனா ஓசிங்குறது சட்டத்துக்கு முன்னாடி நிக்காது. அங்க வேற மாதிரிப் பேசணும். அதுல அவங்க கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்கணும்னா ஐரோப்பாக் கதையைக் கேளு. பேப்பர்ல தொடர்ந்து படிச்சுக்கிட்டு வந்தேன்; சீரியல் கெட்டுச்சு போ.

ஐரோப்பாவுல 2018 மே 25-ந் தேதி ஒரு சட்டம் அமலுக்கு வந்துச்சு. ஒருத்தனோட தகவலை எடுக்கணும்னா ஆறு காரணத்துல ஏதாவது ஒண்ணைக் காட்டணும்னு சொல்லுச்சு. சம்மதம், ஒப்பந்தம், நியாயமான நலன், இப்படி. அதுவரைக்கும் பேஸ்புக்காரன் சம்மதம்னுதான் சொல்லிக்கிட்டிருந்தான். புதுச் சட்டத்துல சம்மதம்னா மனசார இருக்கணும், நினைச்சப்போ திருப்பி வாங்கிக்கலாம். இது வம்பாச்சே! உடனே, சம்மதமெல்லாம் எதுக்கு, இது நமக்குள்ள ஒப்பந்தம்னு ஆரம்பிச்சுட்டான். நீ கணக்குத் திறந்தப்போ ஒத்துக்கிட்ட நிபந்தனையில, உனக்குன்னு பார்த்துப் பார்த்து விளம்பரம் காட்டுறதும் ஒரு சேவையாம். அதாவது விளம்பரம் காட்டுறது அவன் உனக்குப் பட்ட கடன். ஒரு நாள் காட்டாம விட்டா நீ கோர்ட்டுக்குப் போகலாம்: "எசமான், இன்னிக்குப் பூராவும் எனக்கு ஒரு மழைக்கோட்டு விளம்பரமும் வரல."

ஆஸ்திரியாவுல மாக்ஸ் ஷ்ரெம்ஸ்னு ஒரு வக்கீல். சட்டம் வந்த அன்னிக்கே அவரோட அமைப்பு புகார் குடுத்துச்சு. கம்பெனியோட ஐரோப்பிய ஆபீஸ் அயர்லாந்துல இருக்கிறதால விசாரிக்க வேண்டியது அந்த நாட்டு அதிகாரி. ஒப்பந்தம்னு சொல்றதுல தப்பில்லைன்னுதான் அவங்க முதல்ல வரைவு எழுதி வெச்சாங்க. மத்த நாட்டு அதிகாரிங்க ஒத்துக்கல. இழுத்து இழுத்து 2023 ஜனவரியில 39 கோடி யூரோ அபராதம்.

நீயும் நானும்னா வீட்டை வித்து ஓடியிருப்போம். அவன் ஏப்ரல்ல, ஒப்பந்தம் போச்சா, போகட்டும், இது எங்க "நியாயமான நலன்"னு வந்து நின்னான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேங்குறதைச் சட்டப் புத்தகத்துல இப்படித்தான் எழுதுவாங்க போல. மூணு மாசம் தாங்கல. ஜூலை 4-ந் தேதி, ஜெர்மனிக்காரங்க வழக்குல லக்சம்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு: சேவை ஓசியா இருக்கலாம், அதுக்காகச் சம்மதம் கேக்காமலே தன் தகவலை வெச்சு விளம்பரம் பண்ணுவாங்கன்னு ஜனங்க எதிர்பார்க்க முடியாது. ஆகஸ்டுல நார்வேக்காரன் நாளுக்கு 10 லட்சம் குரோனர்னு மீட்டர் போட ஆரம்பிச்சுட்டான்.

அப்புறம் என்ன, நவம்பர்ல பழையபடி சம்மதத்துக்கே திரும்பினான். ஆனா இந்தத் தடவை விலைச்சீட்டோட. விளம்பரம் வேணாமா, கம்ப்யூட்டர்ல பார்த்தா மாசம் 9.99 யூரோ, போன்ல பார்த்தா 12.99 கட்டு. கட்ட முடியலையா, சம்மதம்னு அமுக்கு. 2025 ஏப்ரல்ல ஐரோப்பிய ஆணையம், இது வேற வழி குடுத்த மாதிரி இல்லைன்னு 20 கோடி யூரோ அபராதம் போட்டுச்சு.

இப்போ எண்ணிப் பாரு பேராண்டி. சம்மதம், ஒப்பந்தம், நலன், மறுபடி சம்மதம். காரணம் இத்தனை தடவை மாறிச்சு. இந்த அஞ்சாறு வருஷத்துல மழைக்கோட்டு விளம்பரம் ஒரு நாளாவது நின்னுச்சா? ஒரு காரியத்துக்கு ஒருத்தன் நாலு காரணம் சொன்னான்னா, நாலும் காரணம் இல்ல. அஞ்சாவது ஒண்ணு இருக்கு, அது ஜோப்புல இருக்கு.

இன்னொரு பதிலும் ரெடியா வெச்சிருப்பாங்க: "உங்க தகவலை நாங்க யாருக்கும் விக்கிறதில்லை." இதைக் கேக்குறப்போ எனக்குக் கண்டிச் சீமை ஞாபகம் வருது. நாம தாயகம் திரும்பி வந்த குடும்பம்னு உனக்குத் தெரியும். 1964-ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் அங்க இருந்த நம்ம ஜனங்களை 5,25,000 தலை இந்தியாவுக்கு, 3,00,000 தலை இலங்கைக்குன்னு பிரிச்சுக்கிட்டாங்க. சம்மதமான்னு நம்ம தலையை யாரும் கேக்கல, அது தனிக்கதை. அதுக்கும் ரெண்டு தலைமுறை முன்னாடி, என் தாத்தன் காலத்துல, தோட்டத்துல துண்டுன்னு ஒண்ணு இருந்துச்சு. தொழிலாளிக்குக் கங்காணிகிட்டே எப்பவும் கடன் இருக்கும். கப்பலேறின செலவுல ஆரம்பிச்ச கடன். அவன் வேற தோட்டத்துக்குப் போகணும்னா கடன் தொகையை ஒரு சீட்டுல எழுதிக் குடுப்பாங்க. அந்தத் தொகையைக் கட்டுற கங்காணி ஆளை ஓட்டிக்கிட்டுப் போகலாம். அந்தக் கங்காணியைப் போய் ஆளை விக்கிறியான்னு கேட்டிருந்தா அடிக்க வந்திருப்பான். ஆளையா? சிவ சிவா! சீட்டைத்தானே குடுத்தேன்! 1921-ல சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழிச்சாங்க. தாத்தன் சொல்லும், கை மாறுறது சீட்டுதான், ஆளும் கூடவே போயிடுவான்னு. இப்பவும் உன் பேரை மழைக்கோட்டுக்காரனுக்குச் சொல்லமாட்டாங்க. இந்த வயசு, இந்த ஊரு, மழைக்கோட்டு பார்த்துட்டு வாங்காமப் போன ஆளு, இப்படிப்பட்டவங்க கண்ணு முன்னாடி உன் சரக்கை நிறுத்தணும்னா இவ்வளவுன்னு, பக்கம் திறக்கிறதுக்குள்ள ஏலம் முடிஞ்சிடும். விக்கல. சத்தியமா விக்கல.

நம்ம நாட்டுக்கு வருவோம். வாட்ஸ்அப்பை ஆரம்பிச்ச ரெண்டு பேரும் விளம்பரத்தையே வெறுத்தவங்க. விளம்பரம் ஏன் விக்கிறதில்லைன்னு 2012-ல எழுதியே வெச்சாங்க. 2014-ல 1,900 கோடி டாலருக்கு பேஸ்புக் அதை வாங்குச்சு. ரெண்டு கணக்கையும் தானா இணைக்கிறது எங்களால முடியாதுன்னு அப்போ ஐரோப்பிய அதிகாரிங்ககிட்டே சொன்னாங்க. 2016-லயே இணைச்சாங்க. முடியும்னு தெரிஞ்சுக்கிட்டே சொல்லியிருக்கீங்கன்னு 2017-ல 11 கோடி யூரோ அபராதம் விழுந்துச்சு. நம்மூர்ல 2021 ஜனவரியில ஒரு பெட்டி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பிப்ரவரி 8-க்குள்ள புதுக் கொள்கையை ஒத்துக்கோ, இல்லைன்னா கணக்கு இல்லைன்னு. கூச்சல் கிளம்பினதும் மே 15-க்குத் தள்ளினாங்க. ஐரோப்பாக்காரனுக்குக் காட்டின கொள்கை வேற, நமக்குக் காட்டினது வேற. அவனுக்குச் சட்டம் இருந்துச்சு, நமக்குப் பொறுமை இருந்துச்சு.

பிடிக்கலைன்னா விட்டுட்டுப் போன்னு சொன்னாங்க பாரு, அங்கதான் விஷயமே. எங்கடா போறது? ராதாகிருஷ்ணன்னு பேர் வெச்ச அந்த யானையை 2025 செப்டம்பர்ல ஓவேலியில பிடிச்சுக் கொண்டுபோனாங்களே, அதுவரைக்கும் அது எந்த லைன் வீட்டுப் பக்கம் நிக்குதுங்குறது நமக்கு எதுல தெரிஞ்சுது? வாட்ஸ்அப் குரூப்புலதான். ராத்திரி எட்டு மணிக்குச் சூண்டிப் பக்கம் வண்டியில வர்றவன், கொள்கை பிடிக்கலைன்னு குரூப்பை விட்டு வெளியே வந்தா, அடுத்த வளைவுல யானைகிட்டே நேரா சம்மதம் கேக்க வேண்டியதுதான். இதையெல்லாம் மனசுல வெச்சுதான் நான் ஒண்ணு சொல்றது: ஒருத்தன் சம்மதம் கேட்டான்னா அவன் என்ன கேக்குறான்னு பார்க்காதே, வேணாம்னா என்ன பண்ணுவான்னு பாரு.

இந்தியப் போட்டி ஆணையமும் கிட்டத்தட்ட அதைத்தான் பார்த்துச்சு. ஏத்துக்கோ, இல்லைன்னா போங்குறது ஆதிக்கத்தைத் தப்பாப் பயன்படுத்துறதுன்னு 2024 நவம்பர்ல மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபா அபராதம். வாட்ஸ்அப் தகவலை விளம்பரத்துக்காக மத்த கம்பெனிங்களோட அஞ்சு வருஷம் பகிரக் கூடாதுன்னும் தடை. மேல்முறையீட்டுல 2025 நவம்பர் மாசம் அபராதம் நின்னுச்சு, அஞ்சு வருஷத் தடை போச்சு. இதுக்கு நடுவுல ஜூன்லயே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பக்கம் விளம்பரம் வரும்னு அறிவிச்சாச்சு. 2012-ல எழுதி வெச்சவங்க ரெண்டு பேரும் எப்பவோ வெளியே போயிட்டாங்க.

இன்னொரு அழகான காரணம் இருக்கு, அது உன்னை வெச்சுதான். ஆப்பிள்காரன், இனிமே ஐபோன்ல பின்தொடரணும்னா ஆளைக் கேட்டுட்டுத்தான் பின்தொடரணும்னு சொன்னதுக்கு, 2020 டிசம்பர்ல பேஸ்புக்காரன் அமெரிக்கப் பேப்பர்கள்ல முழுப் பக்க விளம்பரம் குடுத்தான். ஐயோ, சின்னக் கடைக்காரன் பிழைப்புப் போச்சேன்னு. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத சத்தம் ஊட்டி வரைக்கும் கேட்டுச்சு. 2021 ஏப்ரல்ல ஐபோன்ல அந்தக் கேள்வி வந்துச்சு, பெரும்பாலானவங்க வேணாம்னுட்டாங்க. அதால 2022-ல மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் அடின்னு கம்பெனியே சொல்லுச்சு. ரெண்டு பட்டனும் ஒரே அளவுல இருந்தா ஜனங்க எதை அமுக்குவாங்கன்னு அன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. மத்த இடத்துல எல்லாம் ஏன் சம்மதம் பச்சையாப் பெருசாவும், வேணாம்ங்குறது சாம்பல் கலர்ல மூலையிலயும் இருக்குன்னும் சேர்த்துத் தெரிஞ்சுபோச்சு.

ஆனா ஓநாய் முழுப் பொய்யும் சொல்லல. நீயே சொல்லு, தேயிலைத் தூளும் தைலமும் சாக்லேட்டும் இன்ஸ்டாகிராம்ல விக்கிறியே, விளம்பரம் போடுறப்போ என்ன டிக் அடிச்சே? சென்னை, 25-லேருந்து 35 வயசு, புதுசாக் கல்யாணமானவங்க, ஊட்டிப் பயணத்துல ஆசை உள்ளவங்க. அந்தப் புள்ளைங்க எப்போ கல்யாணம் பண்ணிச்சுன்னு உனக்கு யாருடா சொன்னா? மழைக்கோட்டுக்காரனைத் திட்டுற வாயும் உன்னோடது, சாக்லேட்டு விளம்பரத்துக்குக் காசு கட்டுற கையும் உன்னோடது. நான் குறை சொல்லல. வியாபாரம்னா அப்படித்தான். ஆனா காலையில திட்டிட்டு மத்தியானம் அதையே பண்றதுக்கு நடுவுல கொஞ்சம் மோராவது குடி.

நம்ம மலைக்கு வர்றவங்களையும் பார்த்திருக்கேன். ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7-லேருந்து நீலகிரிக்கு வர இ-பாஸ். வண்டி நம்பரு, எத்தனை பேரு, எத்தனை நாள் தங்குறாங்க, இப்படிச் சில சங்கதி. மலை எத்தனை வண்டி தாங்கும்னு கணக்குப் பார்க்க. அதுக்கே செக்போஸ்ட்ல, எங்க அந்தரங்கம் என்னாகுறதுன்னு ஒருத்தர் சண்டை போட்டாரு. போட்டுட்டு, நின்ன இடத்துலேயே செல்பி எடுத்து, இருக்கிற இடத்தோட பேரையும் போட்டு அனுப்பிட்டாரு. கவர்மென்ட்டு ஒரு காரணம் சொல்லிக் கேட்டுச்சு. இன்னொருத்தன் கேக்கவே இல்ல.

இப்போ நமக்கும் சட்டம் வந்தாச்சு. 2017 ஆகஸ்ட் 24-ல ஒன்பது நீதிபதிங்க அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. அதுக்கு ஆறு வருஷம் கழிச்சு, 2023-ல, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். படிச்சுப் பாரு, நல்லாத்தான் எழுதியிருக்காங்க. சம்மதம்னா சுதந்திரமா, இன்ன காரியத்துக்குன்னு குறிப்பா, நிபந்தனை இல்லாம இருக்கணும். சட்டத்துலேயே ஒரு உதாரணம் குடுத்திருக்காங்க: போன்ல வைத்தியம் பார்க்கிற செயலி ஒண்ணு வைத்தியத்துக்கும் சம்மதம் வாங்குது, உன் போன்ல இருக்கிற நம்பர் பட்டியலுக்கும் வாங்குது. நீ ரெண்டுக்கும் சரின்னு அமுக்கினாலும், வைத்தியத்துக்கு மட்டும்தான் அது செல்லும். காய்ச்சலுக்கு மாத்திரை எழுத உன் மாமியார் நம்பர் எதுக்குங்குற நியாயம்தான். 18 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்களைப் பின்தொடர்ந்து குறி வெச்சு விளம்பரம் பண்ணக் கூடாது. சட்டத்தை மீறினா, தப்பைப் பொறுத்து கம்பெனிக்கு 250 கோடி வரைக்கும் அபராதம். நீ பொய்ப் புகார் குடுத்தா உனக்கும் 10,000 வரைக்கும் உண்டு, ரொம்பத் துள்ளாதே.

பெரியவங்களைக் குறி வெக்கிறதை அந்தச் சட்டம் தடுக்கல. சம்மதம் வாங்கிக்கிட்டுச் செய்யச் சொல்லுது. ஆக, மறுபடியும் உன் கட்டைவிரல் கையிலதான் வந்து நிக்குது. கொள்கையையெல்லாம் முழுசாப் படின்னு நான் சொல்லமாட்டேன். போற பக்கத்துக் கொள்கை எல்லாத்தையும் படிக்கிறதுன்னா ஒரு ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 200 மணி நேரம் ஆகும்னு 2008-லேயே அமெரிக்காவுல ரெண்டு ஆராய்ச்சியாளருங்க கணக்குப் போட்டுட்டாங்க. அந்த நேரத்துக்கு நீ ரெண்டு ஏக்கர் இலை பறிச்சுடலாம். ஆனா ஒண்ணு செய்யலாம். சம்மதம் கேக்குற அறிவிப்பை அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணையில இருக்கிற 22 மொழியில எதுல வேணும்னாலும் கேட்டு வாங்கலாம்னு சட்டத்துல இருக்கு. தமிழ்ல கேளு. விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு. சம்மதம் பத்தின பகுதி 18 மாசம் கழிச்சு, 2027 மே மாசம்தான் அமலுக்கு வரும். அதுவரைக்கும் கம்பெனிக்காரன் தயாராகட்டும்னு டைம் குடுத்திருக்காங்க. நீயும் தயாராகு.

இன்னிக்கு ஒரு வேலை சொல்றேன், அதை முடி. ஆண்ட்ராய்டு போன்னா செட்டிங்ஸ்ல பிரைவசி, அதுக்குள்ள ஆட்ஸ்னு போ. டெலீட் அட்வர்டைசிங் ஐடின்னு இருக்கும், அமுக்கு. கூகுள்ல மை ஆட் சென்டர்னு இருக்கு, அங்க தனக்கேத்த விளம்பரங்குறதை ஆஃப் பண்ணு. இன்ஸ்டாகிராம்ல அக்கவுண்ட்ஸ் சென்டர் போய் ஆட் பிரிஃபரன்சஸ் பாரு. உன்னைப் பத்தி என்னென்ன முடிவு கட்டி வெச்சிருக்காங்கன்னு கொஞ்சம் காட்டுவாங்க, சிரிச்சுட்டு ஒவ்வொண்ணா எடுத்து விடு. விளம்பரம் நிக்காது, உன் முகம் பார்த்து வர்றது குறையும். முடிச்சுட்டு என் போனையும் எடுத்து அதே மாதிரி செஞ்சு குடு. கல்யாண நகை விளம்பரம் மட்டும் இருந்துட்டுப் போகட்டும், உங்க பாட்டிக்கு வேணுமாம்.